மாடியறையில் பொங்கிய பால்

என் நாட்குறிப்பில், தை பிறந்த அடுத்த வாரத்துச் சனிக்கிழமைக்கு நேரே ஒரே வரிதான் இருக்கிறது: "மூன்று வீடு பார்த்தோம். மூன்றும் இல்லை." வழக்கமாக நான் இப்படி எழுதுகிறவன் அல்ல. எந்தப் பேருந்து, எங்கே நின்றது, வழியில் மழையா வெயிலா என்பதுவரை எழுதி வைப்பேன். அன்றைக்கு, தங்கியிருந்த லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. மீதியை இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன். சந்தேகம் வந்த இடங்களில் மனைவியிடம் கேட்டுக்கொண்டேன்.

திருப்பதியிலிருந்து ஏர்பேடு, காளத்தி வழியாக நாயுடுபேட்டைக்குப் போய், அங்கிருந்து தெற்கே இறங்கினால் வரும் கடலோர ஊர் அது. ஊருக்குக் கிழக்கே உப்பங்கழி ஏரி. குளிர் மாதங்களில் பூநாரைகள் அங்கே வந்து இறங்கும். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. என் மகள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள்.

அவள் விலங்கியல் படித்தவள். ஒரு ஆய்வு நிறுவனத்தில் அந்த ஏரியின் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை ஒரு வருடத்துக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். ஒரே நிபந்தனை, அந்த ஊரிலேயே தங்க வேண்டும். விடியும்போது ஏரிக்கரையில் நிற்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே ஜீப் கிளம்பிவிடும். சேரும்போது உள்ளூர் முகவரி காட்ட முடியாவிட்டால் காத்திருப்பில் இருக்கும் அடுத்தவருக்கு வேலை போய்விடும் என்று போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இதற்காக அவள் வேறொரு வேலையை உதறியிருந்தாள். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில், குளிர்சாதன அறையில், நல்ல வேலை. அதை உதறியதில் எனக்கு அப்போது உடன்பாடு இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பெண்கள் விடுதி ஒன்றே ஒன்று இருந்தது. தொழிற்சாலைக்குப் போகும் பெண்களுக்கானது. காலை ஆறு மணிக்கு முன்னால் கேட்டைத் திறக்க மாட்டார்கள். வார்டன் அம்மாள் தமிழில்தான் பேசினார். "ஒரு பொண்ணுக்கு தொறந்தா எல்லாப் பொண்ணுக்கும் தொறக்கணும் சார். அப்பறம் நான்தான் வெளிய போவணும்." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எரிச்சல் மட்டும் எனக்கு வந்தது.

ஆட்டோ ஓட்டிக்கொண்டே வீட்டுத் தரகும் பார்க்கிற ஒருவர் அகப்பட்டார். ஆரம்பாக்கத்துக்காரர், தமிழர். முதல் வீட்டு வாசலில் சைவர்களுக்கு மட்டும் என்று தெலுங்கில் பலகை தொங்கியது.

"பேசாம சைவம்னு சொல்லிக்கலாமா?" என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி.

"வேணாம்மா," என்றாள் மகள். "நாள் முழுக்க ஏரில நின்னுட்டு கூழைக்கடா மாதிரி மீன் நாத்தத்தோட வருவேன். முதல் நாளே மாட்டிப்பேன்."

இரண்டாவது வீட்டுக்காரர் அறையைத் திறந்து காட்டினார், தண்ணீர்க் குழாயைத் திருகிக் காட்டினார், எல்லாம் நல்லபடியாகவே போனது. எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாள் என்று கேட்டதும்தான் நின்றது.

"நாலரைக்கா? பொட்டப்புள்ள இருட்டுல எங்க போவுது?"

"பறவை எண்ண," என்றேன்.

அவர் தரகரைப் பார்த்தார். தரகர் என்னைப் பார்த்தார். "பறவ எண்றதுக்கு சம்பளம் தர்றாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மூன்றாவது வீட்டில் வயதான தம்பதி. நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். மகளுக்கு அறை பிடித்திருந்தது. அப்போது அந்தப் பெரியவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மீரு ஏமிட்லு?"

நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்பது அது. எங்கள் பக்கத்திலும் இதே கேள்வி உண்டு. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பக்கம் என்று சுற்றிக்கொண்டு வரும். கரையோரத்தில் நேராக வந்துவிடுகிறது. நாங்கள் சாந்திபுரம் பக்கத்து எல்லைக் கிராமத்துத் தமிழர்கள். என் தாத்தா காலத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் கூலி. அப்பா காலத்தில் கொஞ்சம் நிலம் வந்தது. நான் படித்து, திருப்பதியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்கு வந்தேன். எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளி, தனியாக இருக்கும். இவ்வளவு சொன்னால் வாசகருக்குப் புரியும். அந்தப் பெரியவருக்கும் நான் மறைக்காமல் சொன்னேன்.

அவர் முகம் மாறவே இல்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. ஹைதராபாத்திலிருக்கும் மகன் இந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறான், முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். சுவரில் புதுப் பெயின்ட் வாசனை அப்போதுதான் அடித்துக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் ஏறியதும் தரகர் என்மேல் பாய்ந்தார். "இன்னாணா நீ! சித்தூர் பக்கம்னு சொல்ட்டு சிரிச்சிக்கினு நிக்க வேண்டிதுதான? கேட்டா சொல்லிடுவியா?"

"கேட்டா சொல்லத்தான் வேணும்."

"அப்ப வூடு எப்டி கெடைக்கும்? நீ இன்னா சாட்சி சொல்லவா வந்துகீற?"

மனைவி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மகள் போனில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். பழைய நிலப் பட்டாக்களையும் சாசனங்களையும் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். எந்த ஊரில் யார் எப்போது எந்தத் தெருவுக்கு வந்தார்கள் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆட்டோக்காரர் கேட்ட கேள்விக்கு அதில் ஒரு வரியும் உதவவில்லை.

ஞாயிறு காலை தரகர் வேறு வீடு விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். அதுவரை அறையில் அடைந்து கிடக்க வேண்டாம், ஏரியைக் காட்டுகிறேன் என்று மகள் எங்களை அழைத்துப் போனாள். ஏரிக்கு நடுவே போகும் சாலையில் இறங்கி நின்றோம். இரண்டு பக்கமும் சேறும் கொஞ்சம் தண்ணீரும். உப்புக்காற்று கண்ணைக் கரித்தது. தூரத்தில் அழுக்கு வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. அதுதான் பூநாரைகள் என்றாள். தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். எனக்கு இரண்டு கண்ணுக்கும் இரண்டு வேறு வட்டம் தெரிந்தது. திருகத் திருக இன்னும் கலங்கியது.

"குடு இங்க," என்று மனைவி பிடுங்கிக்கொண்டாள். அடுத்த நொடியே, "ஐயே, எல்லாம் தலைய கீழ வச்சிக்கினு துன்னுதுங்கடி! ஒண்ணாச்சும் நிமிர்ந்து பாக்குதா பாரு. கால் மட்டும் இவ்ளோ நீளம்!" என்று கத்தினாள்.

"ரெக்கைக்கு அடியில செவப்பு தெரியுதாம்மா?"

"தெரியுது, தெரியுது. ஒண்ணு பறக்குது. அடேயப்பா!"

எனக்கு அந்தக் கோடு கோடாகவே இருந்தது. எங்கிருந்தோ வருகிற பறவைக்கு இங்கே இடம் இருக்கிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மகள் முடிக்க விடவில்லை.

"நைனா, அதெல்லாம் சும்மா. அதுங்களுக்கும் அங்க எடத்துக்கு அடிதடிதான். தண்ணி கொறஞ்சா இன்னும் மோசம். நீ வேற எதாச்சும் யோசி."

தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருந்தால் எந்தப் பறவை நிற்கும், எந்த மாதத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் என்று அவள் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. இந்த வேலை அவளுக்கு ஏன் வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. புரிந்ததும் கோபம் அதிகமாயிற்று. அவளிடம் இல்லை, இன்னும் ஒரு நாளுக்குள் இந்த ஊரில் ஒரு கதவு திறக்காவிட்டால் இதெல்லாம் அடுத்தவருக்குப் போகும் என்பதில். சாலையில் போன ஒரு காரிலிருந்து யாரோ தண்ணீர்ப் புட்டியை வீசினார்கள். நான் அந்தக் காரைப் பார்த்துக் கத்தினேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மத்தியானம் தரகர் கூப்பிட்டார். ஒரு மாடியறை. வெளியிலிருந்தே தனிப் படிக்கட்டு. கீழே ஒரு அம்மாள் மட்டும் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், அவருடைய அண்ணன் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு வீட்டு விவகாரங்களைப் பார்த்துக்கொள்கிறார்.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகத் தெரிந்தது. எங்களை ஒன்றும் கேட்கவில்லை. மகளை மட்டும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பைக் ஓட்டுவியா?"

"ஓட்டுவேன் ஆன்ட்டி."

"படியில விளக்கு கெடையாது. காலைல நாலரைக்கு எறங்கும்போது விழுந்து வெக்காத. நாயி ஒண்ணு வரும், கொரைக்கும், கடிக்காது." பிறகு மனைவியைப் பார்த்து, "இன்னிக்கே பாலு பொங்கிச்சுடுங்க. நாலரைக்கு ராகுகாலம் வருது. அதுக்கு முன்ன முடிச்சுடணும்," என்றார்.

"அக்ரிமென்ட்டு, அட்வான்ஸு எல்லாம்…" என்று நான் இழுத்தேன்.

"அது பாவகாரு சாயங்காலம் வந்து பாத்துப்பாரு. பாலுக்கும் அக்ரிமென்ட்டுக்கும் இன்னா? நீங்க பால வாங்கிக்கினு வாங்க."

பாவகாரு என்றது அவர் கணவரின் அண்ணனை. எனக்கு முறை தலைகீழாகப் பட்டது. கையெழுத்து முதலில், பால் பிறகு என்பதுதான் நான் அறிந்தது. ஆனால் மனைவி அதற்குள் படி இறங்கிப் பால் வாங்கப் போய்விட்டாள்.

எங்களிடம் அடுப்பு கிடையாது. மகள் கொண்டுவந்திருந்த மின்கெட்டிலில் பாலை ஊற்றிச் சொருகினோம். நாங்கள் மூவரும் அதைச் சுற்றிக் கிழக்குப் பார்த்து நின்றோம். கெட்டில் உறுமியது, உறுமிவிட்டு டக்கென்று தானாகவே அணைந்துவிட்டது. பால் பொங்காமல் அடியிலேயே கிடந்தது. மறுபடி அழுத்தினோம். மறுபடி அணைந்தது. தீய்ந்த வாசனை வந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்கார அம்மாள் மேலே வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ ராமா, இதுலயா? அது பொங்கவே விடாதே! பொங்கி வழியாம பாலு காய்ச்சி இன்னா பிரயோஜனம்?"

"பசங்க குடுத்த புத்தி," என்று மனைவி மகளைக் காட்டினாள்.

"நீ அம்மாதானே, உனக்குத் தெரிய வேணாம்?"

கீழேயிருந்து அவரே ஒரு சின்ன காஸ் அடுப்பையும் பித்தளைச் சொம்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். சொம்புக்கு மஞ்சள் பூசினார். பால் ஏறி, கிழக்குப் பக்கமாக வழிந்து, அடுப்பில் புஸ்ஸென்றது. அவர் கை தட்டினார். மனைவி சர்க்கரை போட்டு முதல் தம்ளரை அவருக்குத்தான் நீட்டினாள். வாங்கி, நின்றபடியே முழுவதையும் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவருடைய மைத்துனர் இருட்டும் நேரத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கீழ்வீட்டு முற்றத்தில் எங்களை உட்கார வைத்தார். ஆதார் அட்டையைப் பார்த்தார். என் வேலையைக் கேட்டார். நூலகம் என்றதும், "மஞ்சிதி, மஞ்சிதி," என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு அதே கேள்வி. நான் அதே பதிலைச் சொன்னேன். சனிக்கிழமையைவிட உரக்கச் சொன்னேன் என்று மனைவி சொல்கிறாள்.

அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். ஒரு நிமிடம் என்று எழுந்து உள்ளே போனார். உள்ளே பேசியது தெலுங்கு; எங்கள் மூவருக்கும் தெலுங்கு தெரியும் என்பது அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் கவலைப்படவில்லையா தெரியவில்லை. சொந்தக்காரப் பையன் ஒருவன் அறை கேட்டிருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றார் அவர். விசாரிக்காமல் ஏன் குடி வைத்தாய் என்று கேட்டார். பிறகு அந்த அம்மாளின் குரல், கொஞ்சமும் ஏறாமல்:

"பாலு பொங்கிப் போச்சு பாவகாரு. பொங்கின வீட்ட அன்னிக்கே காலி பண்ணா என் வீட்டுக்கு நல்லதில்ல. ஏற்கெனவே ஒரு சாவு பாத்த வீடு. இனிமே என்னால ஆகாது."

தெலுங்கில் சொன்னதை நான் தமிழில் எழுதியிருக்கிறேன். அவர் நியாயம் பேசவில்லை. எங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பாலைப் பற்றி மட்டும் சொன்னார்.

மைத்துனர் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் பேசினார். மீன், கறி சமைக்கக் கூடாது. கீழ்வீட்டு முற்றத்துக்குள் வரத் தேவையில்லை, படிக்கட்டு வெளியேதான் இருக்கிறது. குடிதண்ணீர் கேன் வாங்கிக்கொள்ள வேண்டும். பதினோரு மாதத்துக்குப் பிறகு ஒரு நாளும் கிடையாது.

நான் எழுந்துவிட்டேன். "வேணாங்க. நாங்க கெளம்பறோம். பெட்டிய எடு," என்றேன் மகளிடம்.

அவள் எழவில்லை. "நைனா, உக்காரு."

"உனக்கு இன்னா சொன்னாங்கன்னு காதுல விழல?"

"விழுந்துச்சு. எனக்குந்தான் தெலுங்கு தெரியும்." அவள் குரல் நடுங்கியது. அழுகையால் இல்லை. "காலைல அஞ்சு மணிக்கு நான் ஜீப்ல ஏறணும். நான் இங்க முற்றத்துல உக்காந்து அரட்டை அடிக்க வரல. உனக்கு சண்ட போடணும்னா அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து போடு. நானும் கூட நின்னு போடறேன். இன்னிக்கு வேணாம்."

"மானம்னு ஒண்ணு…"

"என் மானம் ஏரில கீது. நாளைக்கு நான் போவலன்னா வேற யாராச்சும் போவாங்க. அவ்ளோதான். இவருக்கு ஒண்ணும் ஆவாது."

வெள்ளைச் சட்டைக்காரர் வாசற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் புரிந்ததா என்று தெரியாது. மனைவி என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் தேதி போடாமல் நான் கையெழுத்திட்டது அந்த ஒரு தாளில்தான். அவர் திருப்பிக் கொடுத்து, "டேட் வேயண்டி," என்றார். போட்டேன்.

மறுநாள் விடியுமுன் அவள் இறங்கிப் போகும்போது நாங்கள் மேலே படிக்கட்டில் நின்றோம். நாய் குரைத்தது. கீழ்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்து, அவள் தெருமுனை திரும்பியதும் அணைந்தது. நாங்கள் முதல் பேருந்தில் திருப்பதிக்குத் திரும்பினோம். வழியெல்லாம் நான் அந்த மைத்துனருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை யோசித்துக்கொண்டு வந்தேன். காளத்தி வருவதற்குள் நல்ல பதில்கள் நாலைந்து கிடைத்தன. ஒன்றுக்கும் உபயோகமில்லை. மனைவி தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்துத் தரகர் தன் தரகுக்காகப் போன் செய்தார். பேச்சுவாக்கில், "அந்தம்மாகிட்ட ஞாயித்துக்கெழம காலைலயே உங்களப் பத்தி எல்லாம் சொல்ட்டேன்ணா. தெரிஞ்சிதான் வரச் சொல்லிச்சு," என்றார்.

அந்த அம்மாளுக்கு முன்பே தெரியும் என்றால், ராகுகாலம், அவசரம், அக்ரிமென்ட்டுக்கு முன் பால், அடுப்பைத் தானே தூக்கி வந்தது எல்லாம் வேறாகிவிடுகிறது. மைத்துனர் வருமுன், அவர் மறுக்க முடியாதபடி முடிச்சுப் போட்டிருக்கிறார். மனைவிக்கு இதில் சந்தேகமே இல்லை. "பொம்பளைக்குத் தெரியும் எந்தக் கதவ எப்டி சாத்தணும்னு. நீ நன்றி சொல்லிட்டு வா," என்கிறாள். எனக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. ஒருவர் தன் வீட்டு அறையைத் தான் நினைத்தவருக்குக் கொடுக்க இவ்வளவு சுற்றிவர வேண்டியிருந்தது என்றால் யார்மேல் கோபப்படுவது? அவர் உண்மையிலேயே பாலுக்குப் பயந்தவராக இருந்தால், என் மகள் அங்கே இருப்பது ஒரு சகுனத்தின் தயவில். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

தரகர் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. தரகு கேட்கும் நேரத்தில் சொன்ன வார்த்தை அது. அதே தரகர்தான் சனிக்கிழமை என்னை எதையும் சொல்லாதே என்றார். அப்படிப்பட்டவர் மறுநாள் காலையில் தானே போய்ச் சொல்லியிருப்பாரா?

மகளைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். "கேக்க மாட்டேன் நைனா. கேட்டா அவங்க ஏதாவது ஒண்ணு சொல்லணும். எதச் சொன்னாலும் அந்த வூட்ல அவங்களுக்குக் கஷ்டம்," என்றாள். பிறகு, ஏரியில் தண்ணீர் இன்னும் இறங்கிவிட்டது, பூநாரைகள் தெற்கே தமிழ்நாட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டன, எண்ணுவதற்கு இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது என்று அரைமணி நேரம் பேசினாள்.

நான் இரண்டு முறை அந்த ஊருக்குப் போய்வந்துவிட்டேன். இரண்டு முறையும் வெளிப்படிக்கட்டு வழியாகவே ஏறி இறங்கினேன். அந்த அம்மாள் ஒருமுறை துணி காயப்போட்டுக்கொண்டே, "பாகுன்னாரா?" என்று நலம் கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பால் பொங்கவைக்கச் சொன்னபோது நாங்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பதற்குத் தரகரின் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.